இரண்டு துறைகளும் வேண்டாமென்ற பட்டம்

"இரண்டு பாடங்களைச் சம முதன்மையாகக் கொண்ட இளங்கலைப் பட்டம், அவ்விரண்டில் எந்தப் பாடத்திலும் முதுகலையில் சேர்வதற்குப் போதிய தகுதியாகக் கருதப்படும்."

விதி இவ்வளவுதான். ஒரே வாக்கியம். உட்பிரிவு இல்லை, அடிக்குறிப்பு இல்லை, "எனினும்" என்று தொடங்கும் இரண்டாம் பத்தி இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் விதித்தொகுப்பில் "எனினும்" இல்லாத விதிகள் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், இனி நான் சொல்லப்போகும் சம்பவத்தில் இந்த விதி எதையும் செய்யாது என்பதுதான். அது அமலில் இருந்தது. யாரும் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் எழுதப்பட்ட நாள் முதல் யாரும் அதைப் பயன்படுத்தவும் இல்லை. அலுவலகத்தில் பயன்படுத்தப்படாத விதி, பரணில் ஏற்றிவைத்த வெள்ளித் தட்டு மாதிரி. வீட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி வந்தால் எவர்சில்வரில்தான் சோறு.

தேர்வு எழுதிப் புதிதாகப் பல்கலைக்கழகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி, ஓய்வு பெற்ற என்னைக் கேட்டார்கள். வேலை செய்வது எப்படி என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவார்கள். கோப்பு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை எப்படி நடக்காமல் போகிறது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. தமிழில் எழுதுகிறேன். மலையாள நாட்டில் தமிழர் குடியிருக்கும் வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள் என்பது ஒரு காரணம். அலுவலகத்தில் பெரும்பாலானோருக்கு இதைப் படிக்கத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

நான் அப்போது கல்விப் பிரிவில் உதவிப் பதிவாளர். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கே மேற்படிப்புக்கு வருகிறவர்களின் பட்டம் செல்லுமா என்று பார்ப்பது என் பிரிவின் வேலை. பெரும்பாலும் செல்லும். செல்லும் என்று சொல்வதற்குத்தான் காலம் பிடிக்கும்.

செல்வராணி என்ற பெண் எம்.ஏ. வரலாற்றில் சேர்ந்திருந்தாள். வித்துராவுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். தோட்டத்தில் வேலை குறைந்த பிறகு, அவள் அம்மா கல்லாற்றில், பொன்முடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்துகிற இடத்தில், சாயாக்கடை போட்டிருந்தார். செல்வராணி உதவித்தொகை கிடைத்து வெளி மாநிலத்தில் பி.ஏ. படித்துவிட்டு வந்திருந்தாள். பட்டத்தின் பெயர், "தத்துவமும் சமகால வரலாறும்."

அப்படி ஒரு பட்டம் எங்கள் அலுவலகத்துக்கு அதற்கு முன் வந்ததில்லை. இரண்டு பாடங்களும் சமம் என்று அவர்களுடைய சான்றிதழிலேயே அச்சிட்டிருந்தது. நான் விதியை மேற்கோள் காட்டி, "அனுமதிக்கலாம்" என்று குறிப்பெழுதி, துணைப் பதிவாளருக்கு அனுப்பினேன்.

துணைப் பதிவாளர் கெட்டவர் அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும். நேர்மையானவர், நேரத்துக்கு வருகிறவர், யாருடைய சாயாவையும் குடிக்காதவர். அவருக்கு இருந்த ஒரே பயம், ஒரு விஷயத்தை முதலில் செய்தவராகிவிடக் கூடாது என்பது. கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"பிரிசிடென்ட் உண்டோ, மேடம்?"

இதற்கு முன் இப்படி யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்று அர்த்தம்.

"இல்லை சார். ரூல் உண்டு."

"ரூல் உண்டு. அது நானும் கண்டதுதான். பட்சே, இந்த ரூலை வைத்து யாருக்காவது கொடுத்திருக்கா?"

"இதுதான் முதல் கேஸ் சார்."

"அதுதானே நான் பறயுந்நது." அவர் முகம் தெளிந்தது, நான் ஏதோ ஒப்புக்கொண்டுவிட்ட மாதிரி. "அப்புறம், சமம், சமம்னு எழுதியிருக்கே. சமம்னு யார் பார்த்தது? அவர்கள் சொன்னால் போதுமா? நம்ம போர்டு பார்க்க வேண்டாமோ?"

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதில் தெரிந்த கேள்வியை அலுவலகத்தில் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது என்றாகிவிடும். எவ்வளவு பெரிய விதித்தொகுப்பு கையில் இருந்தாலும், அதற்குப் பிறகு அது வெறும் காகிதம்.

இரண்டு பாடக்குழுக்களுக்கும் கடிதம் போயிற்று. அவர் சொன்ன போர்டுதான் பாடக்குழு: அந்தந்தப் பாடத்தின் பேராசிரியர்கள் கூடும் குழு. தங்கள் பாடம் எது, எது தங்கள் பாடம் அல்ல என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்குத்தான். இரண்டாவது வேலையை அவர்கள் அதிக உற்சாகத்தோடு செய்வார்கள்.

செல்வராணியின் பட்டத்தில் பாதித் தாள்கள் தத்துவம், பாதித் தாள்கள் வரலாறு. நடுவில் ஒரே ஒரு பொதுத் தாள். அதன் பெயர் "சாட்சியமும் உண்மையும்". வரலாற்றுக் குழு எழுதியது: அந்தப் பொதுத் தாள் அறிவு என்றால் என்ன என்பதைப் பற்றியது, ஆகவே அது தத்துவம், ஆகவே பட்டத்தில் தத்துவமே மிகுதி, ஆகவே மாணவி தத்துவத் துறையை அணுகலாம். தத்துவக் குழு எழுதியது: அந்தப் பொதுத் தாள் நேரில் கண்டவர்களைப் பேட்டி காண்பதைப் பற்றியது, ஆகவே அது வரலாறு, ஆகவே பட்டத்தில் வரலாறே மிகுதி, ஆகவே மாணவி வரலாற்றுத் துறையை அணுகலாம்.

இரண்டு குழுக்களும் படித்தது ஒரே பாடத்திட்டத்தின் ஒரே பக்கத்தை. இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. துணைப் பதிவாளர் இரண்டையும் படித்துவிட்டு, "நான் சொன்னேனல்லோ, இது சிக்கலான கேஸ்" என்றார்.

அது சிக்கலான கேஸ் அல்ல. நாம் சிக்கலாக்கிய கேஸ். ஆனால் கடிதங்கள் வந்த பிறகு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் காண்பிக்க முடியாது.

இதற்குள் மழைக்காலம் முடிந்திருந்தது. செல்வராணி ஒவ்வொரு வாரமும் வருவாள். வித்துராவிலிருந்து பஸ் பிடித்து, வகுப்புக்கு முன்னாலேயே அலுவலக வராந்தாவில் நிற்பாள். சண்டை போட மாட்டாள், அழ மாட்டாள். கதவுக்கு வெளியே நின்று கேட்பாள்.

"மேடம், வல்ல பதிலும் வந்துச்சா?"

"ரெண்டு பேரும் பதில் போட்டாச்சு."

"என்ன பறஞ்சாங்க?"

"நீ அங்கே போன்னு இவா சொல்றா, இங்கே போன்னு அவா சொல்றா."

"அப்ப ரெண்டு பேருமே நான் வேறெங்கயோ ஜெயிச்சுட்டேன்னுதான் சொல்றாங்க, இல்லியா மேடம்?"

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் நான் சிரிக்கவில்லை. மாணவர்களோடு சேர்ந்து அலுவலகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால், பிறகு அலுவலகத்துக்குள் உட்கார முடியாது.

அவளுக்கு என்ன அவசரம் என்பது பிறகுதான் தெரிந்தது. பொன்முடிச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் பேசுகிற பெண். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு முன்னால் சேர வேண்டும். முதல் பருவத் தேர்வும் கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான். தகுதி முடிவாகாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் வந்தால் அவள் எம்.ஏ. மாணவி. வராவிட்டால் அவள் அம்மா ரிசார்ட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுவார். அப்படிப் போனவர்கள் அடுத்த வருடம் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரலாற்றுக் குழுவின் தலைவர் கரமனைக்காரர். வலியசாலைக்குப் பக்கம், அந்தப் பழக்கம். எல்லோருக்கும் டீச்சர். தேர்வு வேலையாக ஒரு நாள் என் அறைக்கு வந்தவரிடம், அந்தக் கடிதத்தை யார் எழுதினார்கள் என்று கேட்டேன்.

"நான்தான் எழுதினேன். ஏன், பிசகா?"

"பிசகுன்னு சொல்லலை. அந்தப் பொதுத் தாள்ல அவ என்ன பண்ணினான்னு நீங்க பார்த்தேளா?"

"பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அவளை எங்கே பார்த்தேன்? நோக்கு வேணும்னா கூப்பிடு, கேட்டுட்டுப் போறேன்."

விண்ணப்பித்தவரைக் கூப்பிட்டு விசாரிக்க விதியில் இடமில்லை. கூப்பிடக் கூடாது என்றும் விதியில் இல்லை, தேடிப் பார்த்தேன். செல்வராணி வராந்தாவில்தான் இருந்தாள். அவளைக் கூப்பிட்ட நேரத்தில் தத்துவக் குழுவின் தலைவர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் குடையோடு நடப்பவர். நாங்கள் அவரைத் தத்துவ சார் என்போம். அவரையும் உட்காரச் சொன்னேன். அன்று எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

"சாட்சியமும் உண்மையும் பேப்பர்ல நீ என்ன பண்ணினே?" என்றார் டீச்சர்.

செல்வராணி நின்றுகொண்டே சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு பாலம் போனதைப் பத்தி எழுதினேன் டீச்சர். கல்லாத்துல, மலைவெள்ளத்துல. எங்கம்ம சொல்றது, அக்கா பொறக்கறதுக்கு முந்தியே பாலம் போச்சுன்னு. எங்க அத்தை சொல்றது, அக்காவ ஆஸ்பத்திரியில இருந்து கையில தூக்கிட்டு அந்தப் பாலத்து மேலதான் நடந்து வந்தேன்னு."

"பஞ்சாயத்து ஆபீஸ்ல தேதி இருக்குமே."

"போனேன் டீச்சர். அங்க பாலமே இல்ல. ஊர்க்காரங்களா மரம் வெட்டிப் போட்டுக்கிட்டது. ரெக்கார்டுல எங்க ஊர்ல ஒரு பாலமும் கட்டல, ஒரு பாலமும் போகல்ல."

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ ரெண்டு பேரில் ஒருத்தர் கள்ளம் பறயுந்நு," என்றார் தத்துவ சார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். யாரு பொய் சொல்றாங்கன்னு பார்க்கத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டு பேரும் மாத்தவே இல்ல. கடைசியில, பாலத்துல நின்னா என்ன தெரியும்னு கேட்டேன். அம்ம சொன்னது, பெரிய பாறை தெரியும். அத்தை சொன்னது, குளிக்கிற கடவு தெரியும். பாறை தெரியற எடத்துல நின்னா கடவு தெரியாது சார். நடுவுல வளைவு."

"ரெண்டு பாலம்!" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். மேல போட்டது போச்சு. அப்புறம் கீழ போட்டாங்க. அதுவும் போச்சு. ஒவ்வொரு பெரிய மழைக்கும் போகும். ஆனா யாரக் கேட்டாலும் 'பாலம்'னுதான் சொல்வாங்க. ஒரே பாலம் மாதிரி."

தத்துவ சார் குடையை மேசைமேல் வைத்தார். "ஒரே பாலம்தானே. இடம் மாறினாலும், மரம் மாறினாலும், அவர்களுக்கு அதுதான் பாலம். எது அதை அதே பாலமாக்குகிறது? டீச்சரே, இது சுத்தமான தத்துவம். எங்களுடைய விஷயம்."

"என்ன சொல்றேள்? பாறையா கடவான்னு கேட்டாளே, அது சரித்திரமாக்கும். ரெக்கார்ட் இல்லாத இடத்துல சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்றது எங்க வேலை."

"கேள்வி உங்களுடையதாக இருக்கலாம். பிரச்சினை எங்களுடையது."

"பிரச்சினையை நீங்களே வச்சுக்கோங்கோ. பேப்பர் எங்களோடது."

இருவரும் போன பிறகும் வராந்தாவில் அவர்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வராணி என்னைப் பார்த்தாள்.

"இப்ப ரெண்டு பேருக்கும் நான் வேணுமா மேடம்?"

"பேப்பர் வேணும். நீ வேணுமான்னு யாரும் சொல்லலை," என்றேன்.

டீச்சர் சொன்ன சொல் தவறாதவர். அந்த வாரமே எழுதிக் கொடுத்தார்: பொதுத் தாள் வரலாறே, மாணவியைச் சேர்க்கலாம். தத்துவ சாரும் சொன்ன சொல் தவறாதவர். பொதுத் தாள் தத்துவமே என்று மறுப்புக் குறிப்பு கொடுத்தார். இப்போது கோப்பில் நான்கு கருத்துகள். இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிராக.

துணைப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதலில் ரெண்டு பேருக்கும் வேண்டாம். இப்போ ரெண்டு பேருக்கும் வேணும். மேடம், இதை எப்படி நம்புவது? வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழுவைப் போடலாம். அவர்கள் சொல்லட்டும்."

"சார், வரலாற்றுத் துறை சேர்த்துக்கொள்கிறேன் என்கிறது. அவள் சேர்ந்திருப்பது வரலாற்றில். வேறென்ன வேண்டும்?"

"டீச்சர் தனியாக எழுதியது. போர்டு கூடி எழுதியதல்லவே. அதுவும் இல்லாமல், எதிர்ப்பு இருக்கு."

நிபுணர் குழு போடப்பட்டது. உறுப்பினர்கள் மூவர், மூன்று ஊர்களில். அவர்கள் கூட வேண்டுமென்றால் மூவருக்கும் ஒரே நாளில் நேரம் இருக்க வேண்டும். நான் கோப்பை மூடினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, என் தோளில் யாரோ சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். எழுப்பத் தோன்றவில்லை.

இனி நான் சொல்வதுதான் உங்களுக்கு உதவக்கூடிய பகுதி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். மேலதிகாரிக்கு ஒரு கோப்பில் "ஆம்" என்று எழுத மனமில்லை, "இல்லை" என்று எழுதத் துணிவில்லை என்றால், ஓரத்தில் "பேசவும்" என்று எழுதுவார். கீழே இருப்பவர் நேரில் போய்ப் பேச வேண்டும். பேசி முடித்து, என்ன முடிவு என்பதைக் கீழே இருப்பவரே "பேசப்பட்டது" என்று தொடங்கி எழுத வேண்டும். கையெழுத்தும் அவருடையதே. நன்றாக முடிந்தால் மேலதிகாரி பேசியதன் பலன். கெட்டு முடிந்தால் எழுதியவர் எழுதியதன் பலன். இந்த வழக்கம் எந்த விதியிலும் இல்லை. எல்லா விதிகளையும்விட நன்றாக நடக்கிறது.

தேர்வு தொடங்கும் வாரம், செல்வராணிக்குத் தற்காலிக ஹால் டிக்கெட் தரலாமா என்று கேட்டுக் கோப்பை அனுப்பினேன். "பேசவும்" என்று எழுதித் திரும்பி வந்தது. நான் பேசப் போனபோது அவர் விடுப்பில் போயிருந்தார். சம்பந்தி வீட்டு விசேஷம், குருவாயூரில். மறுநாள் காலை முதல் தாள்.

செல்வராணி வெளியே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அம்மாவும் வந்திருந்தார். கடைக்கு அன்று விடுமுறை. ரிசார்ட்டுக்காரர் சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றார் அம்மா. குரலில் கோபமில்லை. பஸ் வருமா வராதா என்று கேட்பவர் குரல்.

"எனக்குப் படிப்பு விஷயம் தெரியாது மேடம். வேணாம்னா வேணாம்னு பறயட்டும். நான் அவளக் கூட்டிட்டுப் போறேன். இப்படி ஊஞ்சல்ல உட்கார வைக்கப்படாது."

துணைப் பதிவாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், அந்த வித்துராப் பெண்ணின் கோப்பு. 'பேசவும்' என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம் மேடம். அது திரும்பி வந்து பேசலாம்."

"நாளைக்கு எக்ஸாம் சார்."

"அய்யோ." உண்மையாகவே வருத்தப்பட்டார். "நிபுணர் குழு ஒன்றும் சொல்லவில்லையா?"

"கூடவே இல்லை சார். தற்காலிகமாகக் கொடுத்து, தேர்வு முடிவை நிறுத்தி வைக்கலாம். பதில் பாதகமாக வந்தால் தேர்வை ரத்து செய்யலாம். அதற்கும் தனி விதி இருக்கு."

"மேடத்துக்கு விதியெல்லாம் தெரியுமல்லோ. நான் என்ன பறயணும்?" என்றார். யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தொடர்பு அறுந்தது.

நான் கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. நான் எழுதாமலிருந்தால் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். இது மிக முக்கியம். எங்கள் பணியில் செய்யாததற்கு விளக்கம் கேட்கப்பட்டவர் யாரையும் நான் அறியேன். ஒரு பெண் ரிசார்ட் மேசைக்குப் போனாள் என்பது எந்தக் கோப்பிலும் பதிவாகாது, பஞ்சாயத்தில் அவர்கள் ஊர்ப் பாலம் பதிவாகாத மாதிரியே. எழுதினால் மட்டும் என் கையெழுத்து இருக்கும்.

செல்வராணியை உள்ளே கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "பரீட்சை எழுதலாம். ரிசல்ட் வராது. பதில் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. பதில் உனக்கு எதிரா வந்தா, எழுதினது அத்தனையும் இல்லைன்னு ஆயிடும். ரெண்டு வருஷம் படிச்சு முடிச்ச பிறகுகூட அப்படி ஆகலாம். ரிசார்ட் வேலை நிச்சயம். இது நிச்சயமில்லை. உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

அவள் வெளியே போய் அம்மாவிடம் பேசினாள். கதவு வழியாகக் கேட்டது. அம்மா எதையோ மறுத்தார். அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள்.

"தோத்தா என் தப்பு மேடம்," என்றாள் செல்வராணி. "எழுத விடாட்டி அது யாரு தப்புன்னு நான் எங்க போய்க் கேக்கறது? நான் எழுதறேன்."

அம்மா என்னைப் பார்த்தார். "ரிசார்ட்டுக்காரன்கிட்ட வேற ஆளப் பார்க்கச் சொல்லிடட்டா மேடம்?"

என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வியை நேராகக் கேட்டதில்லை. அலுவலகத்தில் கேள்விகள் எழுத்தில் வரும்; பதில் சொல்ல அவகாசம் உண்டு.

"சொல்லிடுங்கோ," என்றேன்.

பிறகு கோப்பில் எழுதினேன்: "பேசப்பட்டது. விதிப்படி முதல் பருவத் தேர்வு எழுதத் தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது. முடிவு நிறுத்தி வைக்கப்படும். நிபுணர் குழுவின் ஒப்புதல் கோரப்படுகிறது." கையெழுத்திட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பேசினோம். நாதஸ்வரம் சாட்சி.

துணைப் பதிவாளர் திரும்பி வந்ததும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நாம் என்ன பேசினோம்?"

"விதியைப் பற்றிப் பேசினோம் சார்."

"நான் சம்மதித்தேனோ?"

"மறுக்கவில்லை சார்."

பிறகு எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தார். பதில் எழுதினேன். அதன்மேல் அவர் "பேசவும்" என்று எழுதினார். நான் பேசப் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு எங்களுக்குள் மரியாதை குறையவில்லை. பேச்சுதான் குறைந்தது.

இங்கே நீங்கள் கைதட்டுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. தட்டாதீர்கள். இதைத் தைரியம் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் செய்தது, ஒரு பெண்ணை ஊஞ்சலிலிருந்து இறக்குவதாக நினைத்து, இன்னும் உயரமான ஊஞ்சலில் ஏற்றியதுதான். பயந்த மனிதர் அவர். துணிந்தவள் நான் என்றால், இரண்டு பருவங்களாக, மூன்று பருவங்களாக, அந்த ஊஞ்சலில் இருந்தது யார்?

செல்வராணி இரண்டாம் பருவம் எழுதினாள். முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே "நிறுத்தி வைக்கப்பட்டது". மூன்றாம் பருவம் எழுதினாள். அதே. முதல் அனுமதி கோப்பில் இருந்ததால் அடுத்தடுத்த ஹால் டிக்கெட்டுகள் தாமாகவே வந்தன. இப்போது அதற்கு முன்மாதிரி இருந்தது அல்லவா. நிபுணர் குழுவில் ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவரை நியமித்தார்கள். அவர் ஆரம்பத்திலிருந்து கோப்பைப் படிக்க விரும்பினார். நான் நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு நினைவூட்டலை நினைவூட்டினேன். தத்துவ சார் கல்லாற்றுப் பாலத்தைப் பற்றி எங்கோ கருத்தரங்கில் கட்டுரை வாசித்ததாகக் கேள்விப்பட்டேன். டீச்சர் அதற்கு மறுப்பு எழுதப்போவதாகவும் கேள்விப்பட்டேன். இருவரும் செல்வராணியை மிகவும் மெச்சினார்கள்.

ஒரு நாள் சிநேகிதி ஒருத்தியோடு பொன்முடிக்குப் போன வழியில் கல்லாற்றுக் கடையில் நிறுத்தினோம். செல்வராணியின் அம்மா என்னைக் கண்டதும் சாயாவை இரண்டு முறை ஆற்றிக் கொடுத்தார்.

"மூணு பரீட்சை எழுதியாச்சு மேடம். கடையில வர்றவங்க கேக்கறாங்க, மக எம்.ஏ.வான்னு. நான் என்ன பறயறது? படிச்சு முடிக்கப்போறா, சேர்ந்தாளா இல்லியான்னு மட்டும் தெரியல்லன்னு பறயறேன்."

சாயா நன்றாக இருந்தது என்றேன்.

நான் ஓய்வு பெற ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது நிபுணர் குழுவின் பதில் வந்தது. மேசைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் கையால் பிடித்துக்கொண்டு படித்தேன். குழு பாடத்திட்டத்தை ஆழ்ந்து பரிசீலித்ததாம். இரு குழுக்களின் கருத்துகளையும் மதிப்புடன் கவனத்தில் கொண்டதாம். முடிவு கடைசி வரியில் இருந்தது: "மேற்படி மாணவியை முதல் பருவத் தேர்வு எழுத அனுமதிப்பதில் தடையில்லை."

செல்வராணியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கடையில் இருந்தாள். வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"பதில் வந்திருக்கு. ரிசல்ட்டெல்லாம் இனி விட்டுடுவாங்க."

"என்ன பறஞ்சிருக்காங்க மேடம்?"

வரியை அப்படியே படித்தேன். அவள் சிரிப்பதும், கடைக்குள் திரும்பி உரக்கச் சொல்வதும் கேட்டது.

"அம்மே! நான் ஃபர்ஸ்ட் செமஸ்டர் பரீட்சை எழுதலாமாம்!"

அம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது, கவலையோடு. "எப்போடி?"

செல்வராணி எம்.ஏ.யின் கடைசித் தாளை எழுதியது விஷுவுக்கு முந்தைய நாள். நிபுணர் குழுவின் பதில் எங்கள் தபால் பிரிவில் வந்து சேர்ந்தது விஷுவுக்கு மறுநாள்.